குறை சொல்லச் சொல்ல விலை ஏறிய கார்

என் பெயர் செபாஸ்டியன். ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு கல்லுடைப்பில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. வெறும் லாரி உள்ளே வரும்போது ஒரு தடவை நிறுப்பேன், கல் ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது இன்னொரு தடவை நிறுப்பேன், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். இருபத்து மூன்று வருடமாக இதுதான் வேலை. வெறும் லாரியின் எடையைக் கூட்டிக் காட்டுவதற்காகத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருகிறவனை, அவன் வளைவில் திரும்பும்போதே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு கூடைக் கல் அளவுக்குக்கூட என்னை எவனும் ஏமாற்றியதில்லை. அப்பேர்ப்பட்ட ஆள்தான் எங்கள் நாட்டுக் காசில் இருபத்தெட்டாயிரம் வெள்ளி கொடுத்து, பதினாறு வயதான ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன்.

பணம் சேமநிதிப் பணம். ஐம்பது வயதானதும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். புத்தி இருக்கிறவன் அதைக்கொண்டு வீட்டுக் கடனை அடைப்பான், கூரை மாற்றுவான், பிள்ளை பேரில் போட்டு வைப்பான். புத்தி இல்லாதவன் எடுக்கிற நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே பழைய கார் விளம்பரங்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஒன்பது மாதம் முன்பிருந்தே பார்த்தேன்.

ஈப்போவில் ஒரு வியாபாரியிடம் அது நின்றது. கறுப்பு நிறம், உள்ளே முழுக்கத் தோல் இருக்கை. கதவைச் சும்மா தள்ளிவிட்டால் போதும், மீதியைத் தானே இழுத்து மூடிக்கொள்ளும். அந்தக் கதவை நான் பதினோரு தடவை மூடிப் பார்த்தேன். இன்ஜின் மூடியில் கை வைத்தபோது சூடாக இருந்தது. நான் வருகிறேன் என்று காலையிலேயே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தான். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கார் குளிர்ந்திருந்தால் அது எப்படி இருமும், எப்படி உதறும் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மரியாதை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டு, பணம் கொடுத்து, வீட்டுக்கு ஓட்டி வந்து, கோயில் பாதரிடம் தீர்த்தம் தெளித்து ஜெபம் செய்து வாங்கிய பிறகுதான் சிலிபினில் இருக்கிற பொமென் மகேந்திரனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் பொமென் என்போம், காரைக் காடி என்போம். கல்யாணத்தை முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போன கதைதான். மகேந்திரன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். நான்கு டயருக்கும் கீழே அவனே எலுமிச்சம்பழம் வைத்தான்.

"பாதர்தான் ஏற்கெனவே மந்திரிச்சுட்டாரே மச்சான்," என்றேன்.

"இந்தக் காடிக்கு ஒருத்தர் பத்தாது லா," என்றான் மகேந்திரன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தால் கார் படுத்திருந்தது. உண்மையிலேயே படுத்திருந்தது. முன்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, தொழுகை செய்கிற மாதிரி. அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாதாம். காற்றுப் பையின் மேல்தான் நிற்குமாம். பை கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும். ஒரு பை ஆயிரத்து எண்ணூறு வெள்ளி, அதுவும் யாரோ கழற்றி ஒட்டுப்போட்டது. இடது பையை மாற்றினேன். நாலு மாதத்தில் வலது பை கோபித்துக்கொண்டது. அதையும் மாற்றினேன். இரண்டு பைக்கும் காற்றடித்து அடித்துக் களைத்துப்போன பம்பு ஒன்று இருந்தது, அது அதற்கடுத்த மாதம் செத்தது. ஆயிரத்து இருநூறு.

பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. டோல் சாவடியில் இறக்கினேன், அது கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. கம்பார் தாண்டியதும் மழை. இடது கையால் ஸ்டியரிங், வலது கையால் கண்ணாடி இருந்த இடத்தில் குடை. பிறகு எலி. இந்தக் காரின் வயர் உறையில் எலிக்குப் பிடித்த ஏதோ இருக்கிறது என்று மகேந்திரன் சொல்வான். எங்கள் வரிசையில் பதினான்கு வீட்டுக் கார்கள் நிற்கின்றன, எலி என் காருக்குத்தான் வந்தது. எலிக்கே தெரிந்திருக்கிறது எது உசத்தி என்று.

இழுவை லாரி எங்கள் தெருவுக்கு வழி கேட்காமலே வரப் பழகிக்கொண்டது. கார் அதன்மேல் ஏறும்போதெல்லாம் எதிர்வீட்டுப் பழனியப்பன் சிலுவாரை, அதான் கால்சட்டையை, இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து நம்பர் பிளேட்டை எழுதிக்கொள்வார். நேரே லாட்டரிக் கடைக்குப் போய் அந்த நாலு நம்பரில் பணம் கட்டுவார். அவருக்கு இரண்டு முறை விழுந்தது. நன்றி மறக்காத மனிதர், எனக்கு ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி வந்து கொடுத்தார். நானும் அதே நம்பரில் ஒன்பது தடவை கட்டினேன். ஒன்றுகூட விழவில்லை.

என் மனைவி கத்தரின் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் வேலை பார்க்கிறாள். எத்தனையோ பேர் வலியை மறைத்துக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்துப் பழகியவள். அவளிடம் நான் எந்த ரிப்பேருக்கும் முந்நூறு வெள்ளி என்றே சொல்லி வந்தேன். காற்றுப் பையா? முந்நூறு. பம்பா? முந்நூறு. "எல்லாத்துக்கும் ஒரே வெலயா வச்சிருக்காரு உங்க கூட்டாளி? பசார் மாலாம்ல பத்து வெள்ளி சட்ட விக்கிற மாதிரி?" என்று இரவுச் சந்தையை இழுத்து ஒரு நாள் கேட்டாள். நான் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

இவ்வளவு பட்டும் ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் கல்யாணங்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களில், தெரிந்தவர்களில் யாரிடமாவது பெரிய கார் இருந்தால் கல்யாணக் காருக்கு வாடகை கொடுக்க மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து கேட்பார்கள். கிறிஸ்தவனா இந்துவா என்று பார்ப்பதில்லை. மறுத்தால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை முடிந்தது என்று அர்த்தம். கார்க்காரனே ஓட்டிக்கொண்டு வரவேண்டும். பதிலுக்கு ஒரு புதுச் சட்டை, ஆங்பாவ் என்கிற அன்பளிப்பு உறையில் ஐம்பது வெள்ளி, பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு இடம். பெட்ரோல் நம் செலவு.

அதுவரை ஊரில் நான் 'கத்தரின் வீட்டுக்காரர்'. கார் வந்த பிறகு 'பெரிய காடி அண்ணன்'. மண்டபத்து வாசலில் நான் இறங்கும்போது இரண்டு பேர் கதவைப் பிடிக்க ஓடி வருவார்கள். நாள் பூராவும் லாரிக்காரர்களிடம் 'ஏய் கிராணி' என்று கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. நான்கு வருடத்தில் முப்பத்தொரு கல்யாணம் ஓட்டினேன். என் அலமாரியில் போடாத புதுச் சட்டைகள் மட்டும் பத்தொன்பது இருக்கின்றன.

அதில் ஒரு கல்யாணம் சித்தியவானில். மாப்பிள்ளை பெயர் தனேஷ், லூமுட் பக்கம் வெல்டிங் வேலை. பெண் புஷ்பலதா. அன்று கார் முன்பக்கம் நாலு விரல் இறங்கியே இருந்தது. பேட்டரியும் சரியில்லை, அணைத்தால் மறுபடி எடுக்குமோ எடுக்காதோ என்ற பயத்தில் தாலி கட்டி முடியும்வரை மூன்று மணி நேரம் இன்ஜினை ஓடவே விட்டேன். கேட்டவர்களிடம், "மாப்பிள்ளை பொண்ணு வந்து ஒக்காரும்போது குளுகுளுன்னு இருக்கணும் லா," என்றேன். மண்டபமே வாயைப் பிளந்தது. காரில் ஏறியதும் தனேஷ் முன்னால் குனிந்து, "அண்ணே, முன்னுக்கு எறக்கி வச்சிருக்கீங்களே, செம்ம லுக்கு," என்றான். "ஸ்பெஷலா செஞ்சது தம்பி," என்றேன். "செலவு வைக்குமா அண்ணே?" என்றான். "நாலு வருஷத்துல ஒரு காசு வைக்கல," என்றேன். அப்போது கார் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

இனி நான் செய்த அசிங்கத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், கார்மென். சின்ன வயதிலிருந்தே தாதியாக வேண்டும் என்பாள். அவள் பிறந்ததிலிருந்து சேர்த்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளி கூட்டுறவுச் சங்கத்தில் என் பெயரில் இருந்தது. இந்த மார்ச் மாதம் காரின் கியர் இரண்டிலேயே மாட்டிக்கொண்டது. ரேடியேட்டரில் இருந்த தண்ணீர் கியர் எண்ணெயோடு கலந்துவிட்டது என்றான் மகேந்திரன். எண்ணெயை ஒரு குவளையில் பிடித்துக் காட்டினான், இழுத்து ஆற்றிய தேத்தாரே தேநீர் மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது. ஆறாயிரத்து இருநூறு. ஏப்ரலில் இரண்டு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கார்மென் பணத்தை எடுத்தேன். இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கல்யாணம் முடிந்து திரும்பும்போது பிரேக் பம்பு போனது. மூவாயிரத்து நூற்று எண்பது. அதையும் எடுத்தேன்.

ஜூன் மாதம் ஈப்போவில் ஒரு தாதியர் கல்லூரியிலிருந்து கார்மெனுக்குக் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்பதாயிரம் வெள்ளி கட்டிப் பதிய வேண்டும். பதிந்தால்தான் படிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்கவே முடியும். ஞாயிறு பூசை முடிந்து வந்து கத்தரின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டாள்.

"எவ்ளோங்க இருக்கு அதுல?"

"நூத்தி இருவது."

"நூத்தி இருவது என்ன?"

"வெள்ளி."

கத்தரின் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கார்மென் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அந்தக் காடிய வில்லுங்க," என்றாள் கத்தரின். "வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்றே கைபேசியில் விளம்பரம் போட்டேன். பன்னிரண்டாயிரம். மகேந்திரனிடம் யோசனை கேட்டேன். காரின் மூக்கு மேட்டைப் பார்க்கிற மாதிரிச் சாய்வில் நிறுத்து, இறங்கியிருப்பது தெரியாது என்றான். ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளப்பிச் சூடாக்கு என்றான். எச்சரிக்கை விளக்கை அவனே கழற்றித் தருவதாகச் சொன்னான். "ஒனக்கு அவன் செஞ்சத நீ ஒருத்தனுக்கு செய்யி மச்சான். அப்படித்தான் காடி கைமாறுது," என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னான். ஆறு மணிக்கு நான் வேலையிலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே அவன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சித்தியவான் மாப்பிள்ளை தனேஷ். கார் சமதரையில், குளிர்ந்துபோய், வயிறு தரையில் பட அப்பட்டமாகப் படுத்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டேன். சரி, இனி உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"பத்தாயிரம் தரேன் அண்ணே," என்றான் தனேஷ், பேச்சை ஆரம்பிக்கும்போதே.

"தம்பி, ஒளிக்காம சொல்றேன். முன்னாடி காத்துப் பை மறுபடி போச்சு. அதான் படுத்திருக்கு."

தனேஷ் சிரித்தான். "சும்மா லா அண்ணே. நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, ஸ்பெஷலா செஞ்சதுன்னு."

"அது பொய் தம்பி."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். "பதினொன்னு," என்றான்.

"கியரு மார்ச்சுலதான் செஞ்சேன். ஆறாயிரம். ஆனா இன்னும் ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப ஒதைக்குது."

"பதினொன்னு ஐந்நூறு."

"தம்பி, நான் கொறையச் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

"எனக்குத் தெரியுது அண்ணே," என்றான் தனேஷ். குரல் தழுதழுத்தது. "ஒங்களுக்கு இத விக்க மனசு வரல. அதான் இப்படியெல்லாம் சொல்லி என்னைத் தெரத்தப் பாக்குறீங்க. பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கீங்க. அன்னைக்கு மூணு மணி நேரம் எஞ்சின அணைக்காம எங்களுக்காக நின்னீங்களே, அத நான் மறக்கல."

இந்த இடத்தில் நல்லவன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றும் தெரியும். என் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது, காரில் எரிகிற எச்சரிக்கை விளக்குகளைவிடப் பிரகாசமாக. எலி வயரைக் கடித்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமூச்சு விட்டபடி. பன்னிரண்டு என்றான். மழையில் கண்ணாடி விழுந்ததைச் சொல்லும்போது காரின் கூரையைத் தடவிக்கொடுத்தேன். பன்னிரண்டு ஐந்நூறு. பிரேக் பம்பைச் சொல்லிவிட்டு, "வேணாம் தம்பி, போயிரு, வேற நல்ல காடியா பாரு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, சத்தியமாக வந்தது, எங்கிருந்து வந்தது என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

"பதிமூனாயிரம் அண்ணே. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல. இதையும் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு எடுத்துருவேன். வியாழக்கெழம வீட்டுல கூட்டிக்கிட்டு வாரேன்," என்று ஐந்நூறு வெள்ளி முன்பணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

கத்தரின் சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போனதும், "நான் ஒண்ணு விடாம சொல்லிட்டேன் கத்தரின். ஒரு பொய்கூட சொல்லல," என்றேன்.

"ஆமா, சொல்லல," என்றாள். "இருவத்தாறு வருஷமா உங்க பொய்யக் கேட்டு எனக்குப் பழகிப்போச்சு. இன்னைக்கு உங்க உண்மையக் கேட்டுத்தான் பயமா இருக்கு."

நான் சோற்றைப் பிசைந்தேன். பதிமூன்றாயிரம். கார்மெனுக்கு ஒன்பது, அவளுக்குச் சீருடை, காலணி, இன்னும் மிச்சம்கூட இருக்கும். கார்மென் அன்று அறையை விட்டு வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்லூரி விடுதியில் இருப்பதா, வீட்டிலிருந்து போய்வருவதா என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு துண்டு மீனை எடுத்து வைத்தாள். அந்த மீனுக்காக நான் ஊரையே விற்றிருப்பேன்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு வந்தார்கள். புஷ்பலதாவுக்கு ஏழு மாதம். சோபாவில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, கைப்பைக்குள் காகித உறை. கார்மென் கோப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். தனேஷ் உட்காரவே இல்லை, வாசலுக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"லதா, காட்டு," என்றான். "அண்ணே, பாத்துக்குங்க, பன்னெண்டாயிரத்து ஐந்நூறு. காடிப் பத்திரம் கெரானக் குடுங்க, நாளைக்குக் காலையில பேரு மாத்திரலாம்."

புஷ்பலதா உறையை எடுத்தாள். கொடுக்கவில்லை. "இது வீட்டுக்குக் கட்ட வச்ச காசு அண்ணே," என்றாள் என்னிடம். "அரசாங்க மலிவு வீடு கெடச்சிருக்கு எங்களுக்கு. அதுக்கு முன்பணம். இவரு, காடிய வாங்குனா ஒரு வருஷத்துல ரெண்டு மடங்கா எடுத்துரலாம்னு சொல்றாரு."

"சொன்னேன்ல, அண்ணன் எல்லாக் கொறையும் சொல்லிட்டாருன்னு. இவரு மாதிரி நேர்மையான ஆளு எங்க கெடைப்பாங்க?" என்றான் தனேஷ்.

"நீங்க இருங்க," என்றாள் அவள். கணவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "அண்ணே, எனக்குக் காடியப் பத்தி ஒண்ணும் தெரியாது. பையி, பம்பு எதுவும் எனக்குச் சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத நாங்க வாங்கலாமா, வேணாமா?"

கல்லுடைப்பில் ஒரு லாரி மேடைமேல் ஏறி நின்றால், முள் ஆடி அடங்கும்வரை நான் பேச மாட்டேன். அன்றும் முள் ஆடிக்கொண்டிருந்தது. கார்மென் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது என்னையல்ல, அந்த உறையை. கத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக அந்தக் காரைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு ஓடும், எத்தனை பேர் உட்காரலாம், என்ன விலை என்று. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. வாங்கப் போன அன்று நானும் யாரிடமும் கேட்கவில்லை.

"காடி நல்ல காடிதான்மா," என்று ஆரம்பித்தேன். நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது. புஷ்பலதா காத்திருந்தாள். ஒரு கை உறைமேலும் ஒரு கை வயிற்றின்மேலும் இருந்தது.

"வேணாம்மா," என்றேன். "வாங்காதீங்க. வீட்டுக்குக் கட்டுங்க."

"அண்ணே!" என்றான் தனேஷ். "வேற யாரும் கூடக் கேட்டாங்களா? சொல்லுங்க, இன்னும் ஐந்நூறு பொறட்டுறேன்!"

"யாரும் கேக்கல தம்பி. அன்னைக்கு எஞ்சின ஓடவிட்டது உங்களுக்காக இல்ல. அணைச்சா எடுக்காதுன்னு பயந்து. முந்தா நாளு நான் அழுதது உன் வெலய ஏத்த."

தனேஷ் முகம் சிவந்தது. ஏதோ கெட்ட வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, பெண்கள் இருந்ததால் முழுங்கிக்கொண்டான். "ஒங்களைப் போயி பெரிய மனுஷன்னு நெனச்சேனே," என்று மட்டும் சொன்னான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பிடுங்கிக்கொண்டான். புஷ்பலதா உறையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்த ஜிப் கடைசிவரை போவதைக் கார்மென் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை, அடித்தாள்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் காரை பொட்டோங் கடைக்கு, அதாவது பழைய காரை வெட்டித் துண்டு துண்டாக விற்கிற இடத்துக்கு, இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கியர் புதிதாகச் செய்தது, பிரேக் பம்பு மாற்றியது, காற்றுப் பம்பு மாற்றியது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாராட்டினார். "நல்லா பாத்து வச்சிருக்கீங்க பாஸ்," என்றார். நாலாயிரத்து முந்நூறு கொடுத்தார். நான் திரும்பும்போது அந்தக் கதவுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அவசரக் கடன் கேட்டேன். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மகேந்திரனிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவனிடம் எழுநூறு இருந்தது, கொடுத்தான். ஐந்தாயிரத்தை எடுத்துக்கொண்டு நாலே முக்காலுக்குக் கல்லூரி அலுவலகத்தில் நின்றேன். முகப்பில் இருந்த பெண் நல்ல மாதிரிதான், அவளால் முடிந்தது அவ்வளவுதான். இந்தச் சேர்க்கைக்கு முழுப்பணம் வேண்டும், ஐந்தாயிரத்தை வைத்துக்கொண்டு ஜனவரிச் சேர்க்கைக்கு இடம் பிடித்து வைக்கலாம் என்றாள். ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கார்மென் ஈப்போவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஜனவரி வரைக்கும். தினமும் காலையில் என் மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் பத்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டையைக்கூடப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினோராவது நாள் சிலிபின் சாலை விளக்கில் நின்றோம். பக்கத்தில் மகேந்திரனின் பட்டறை, அந்நேரத்துக்கே திறந்திருந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஜனவரிக்குள்ள மிச்சத்தச் சேத்துருவேன் கார்மென். மூணு வருஷப் படிப்புக்கும் அப்பா எப்படியாச்சும் கட்டிருவேன்."

"நீங்க ஏற்கெனவே கட்டிட்டீங்கப்பா," என்றாள் கார்மென். குரலில் கோபம்கூட இல்லை. "மூணு வருஷத்துக்கும் முழுசா கட்டிட்டீங்க. மகேந்திரன் அங்கிள்கிட்ட."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது. வண்டியைக் கிளப்பினேன். மருந்துக் கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கு, லேட் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அந்தத் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பத்து நாலு வயதில், நடுரோட்டில், யார் பார்த்தாலும் சரி என்று அழுதேன். இந்தத் தடவை யாரும் விலை ஏற்றவில்லை.